வீடு பார்க்க வந்த நாள்

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஏழு பேர். அம்மா, நான், எதிர்வீட்டு மாமி, மாமியின் புருசன் மாமா. பதினொரு மணிபோல வான் வண்டியில் வந்து இறங்கியவர்கள் தங்கச்சியும், மட்டக்களப்பில் அவளுக்குப் படிப்பித்த மிஸ்ஸும். வான் ஓட்டி வந்தவர் வேப்பமரத்துக்குக் கீழே வானை நிறுத்திவிட்டு உள்ளேயே சாய்ந்து படுத்துக்கொண்டார், கடைசிவரை இறங்கவில்லை. அவரையும் சேர்த்துத்தான் ஏழு. பிறகு ஊரில் வேறு சிலரும் தாங்கள் அங்கே நின்றதுபோலக் கதைத்தார்கள். யாரும் நிற்கவில்லை. நடந்த பிழைக்கு அந்த ஏழு பேரில் ஒரு ஆள்தான் பொறுப்பு. அது நான்.

செட்டிபாளையத்தில் எங்களுக்கு இருப்பது சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த வீடு. முன்னறை, இரண்டு அறை, குசினி, மேலே ஓடு. பழைய வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது. சுனாமி வந்த காலைநேரம் அப்பா கரையில் வலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் அவரை வாவிப் பக்கம் கண்டெடுத்தார்கள். கடலில் நின்ற மனிசன் எப்படி வாவிக்குப் போனார் என்று அம்மா கனகாலம் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இருந்த இடத்தில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நடந்தால் பத்து நிமிசம்தான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். சுனாமிக்கு முன்னமே நின்றுவிட்டேன். இயக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு வந்த காலம் அது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் பிள்ளைகள் இல்லாமற் போனார்கள். அம்மா என் வெள்ளைச் சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "கொஞ்ச நாளைக்கு வீட்டுக்குள்ள இரு புள்ள, படிப்ப மறுகாப் பாப்பம்" என்றார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. உள்ளேயே இருந்து பழகியதாலோ என்னவோ, எனக்கு எதற்கெடுத்தாலும் யோசனை. நாய் குரைத்தால் யோசனை, குரைக்காவிட்டாலும் யோசனை. தங்கச்சி பள்ளிக்கூடம் விட்டு வரக் கால்மணி நேரம் பிந்தினால் நான் றோட்டில் நிற்பேன்.

அவள் எனக்கு ஏழு வயது இளையவள். யுத்தம் முடிந்து, சோதனைச் சாவடிச் சென்றிகள் ஒவ்வொன்றாக எடுபட்டு, மட்டக்களப்புக்குப் போகிற பஸ்ஸை விட்டு இறங்கி நடக்காமல் இருந்த இடத்திலேயே இருந்து போகலாம் என்று வந்த காலத்தில்தான் அவள் உயர்தரப் பரீட்சை எழுதினாள். அப்போது மட்டக்களப்பு ரவுனில் ஒரு வகுப்புத் தொடங்கியிருந்தார்கள். வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் பிள்ளைகளைத் தயார்படுத்துகிற வகுப்பு. சனியும் ஞாயிறும். காசு கட்டத் தேவையில்லை. மத்தியானம் சோற்றுப் பார்சலும் பஸ் காசும் அவர்களே கொடுத்தார்கள். இப்படி எல்லாம் தந்து படிப்பிக்கிறார்களே, இதில் என்ன இருக்கிறதோ என்று முதல் மூன்று மாதமும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கே பாடப் புத்தகம் இல்லை. தன்னைப் பற்றித் தானே எழுதப் பழக்கினார்கள். ஒரு பக்கத்தைப் பத்துத் தரம் வெட்டி வெட்டி எழுதுவாள். பிறகு நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தம். கேள்வி கேட்க வீட்டில் என்னை விட்டால் ஆள் இல்லை. இங்கிலீசுக் கேள்விகளைத் தமிழ் எழுத்தில் எழுதித் தருவாள். நான் கச்சான் கடலை வறுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக வாசிப்பேன். அவள் எனக்கு முன்னால் பலகையில் நிமிர்ந்து இருந்து பதில் சொல்வாள். பதில் ஒன்றும் எனக்கு விளங்காது. இடையிடையே தலையாட்டவும், கடைசியில் "தாங் யூ" சொல்லவும் பழக்கியிருந்தாள்.

"அக்கா, நீ தலையாட்டுறது கூடிப்போச்சு. கோயில் மாடு மாதிரி இரிக்கு."

"எனக்கு விளங்கினாத்தானே எங்க ஆட்டுற, எங்க நிப்பாட்டுற எண்டு தெரியும்."

அந்தப் பதில்களில் என்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பாளா என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. கேட்கவில்லை.

அமெரிக்காவில் பனி கொட்டுகிற ஏதோ சின்ன ஊரில் ஒரு கல்லூரி அவளை எடுத்துக்கொண்டது. படிப்புக்கு ஒரு சதமும் கட்டவேண்டாம் என்றார்கள். விமான ரிக்கற், காப்புறுதி, முதல் வருசத்து இருப்பிடச் செலவு, இவைதான் மிச்சம். இந்த மிச்சத்துக்கு வகுப்பு நடத்துகிறவர்களே உதவுவார்கள். அதற்கு முதல் ஒரு தரம் வீட்டுக்கு வருவார்களாம்.

ஒரு வியாழக்கிழமை கிணற்றடியில் வைத்து அவள் சொன்னது இவ்வளவுதான்:

"சனிக்கிழம காலம வகுப்பு முடிஞ்சோண்ண மிஸ் என்னோட வாறாவாம். வீடு பாக்க."

"என்னத்துக்கு?"

"சும்மா. எங்கட நிலவரத்தப் பாக்கத்தான்."

எங்கள் பக்கத்தில் வீடு பார்க்க வருவது என்றால் அதற்கு ஒரே அர்த்தம். வீடு பெண் பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அதனால் பெண்ணைப் பார்ப்பதற்கு முதல் வீட்டைப் பார்ப்பார்கள். ஓடா தகரமா, கிணறு தனிக் கிணறா பங்குக் கிணறா என்று கண்ணாலேயே அளப்பார்கள். அப்படி ஆட்கள் வருகிற நாளில் ஒழுங்கையில் உள்ள நல்ல சாமான் எல்லாம் அந்த ஒரு வீட்டில் இருக்கும். இதில் யாருக்கும் ஒளிப்பு இல்லை. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. என்னை இரண்டு தரம் பார்க்க வந்தபோதும் எதிர்வீட்டு மாமியின் கதிரைகள்தான் எங்கள் முன்னறையில் இருந்தன. இரண்டும் சரிவரவில்லை. அது கதிரைகளின் குற்றமில்லை.

இன்னொன்றும் இருந்தது. சுனாமிக்குப் பிறகு நாங்கள் பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தபோது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஆட்கள் படிவத்தோடு வருவார்கள். என்ன போனது, எத்தனை போனது. அம்மாவுக்கு எழுத ஏலாது, நான்தான் எழுதினேன். சட்டி, பானை, பாய், வலை, அப்பா. ஒரு நாள் ஒரு ஐயா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இப்பிடித்தான் எழுதுறீங்க" என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டது. இனி ஒரு தாளில் எங்களிடம் ஒன்றும் இல்லை என்று என் கையால் எழுதக்கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன். அப்போது எனக்குப் பதினேழு வயது.

ஆகவே வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் மாமியிடம் போனேன். மாமிக்கு என்னைவிட உற்சாகம். கதிரை நாலு, கண்ணாடிக் கோப்பை, யன்னல் சீலை. அதோடு நிற்கவில்லை. மாமாவைப் பிறிட்ஜையும் தூக்கச் சொன்னார்.

"பொண்ணு பாக்கவா வாறாங்க, பிறிட்ஜெல்லாம் தூக்கச் சொல்லுறாய்?" என்றார் மாமா.

"நீங்க வாயப் பொத்திற்றுத் தூக்குங்க. அமெரிக்காக்குப் போற புள்ளட வீட்டுல ஒரு பிறிட்ஜ் இல்லாட்டி அவங்க என்னெண்டு மதிக்கிற?"

"வயர் எட்டாதுகா அந்த மூலைக்கு."

"எட்டாட்டி என்ன, அவங்க ஐஸ்பழம் திங்கவா வாறாங்க?"

அம்மா மட்டும் குசினி வாசலில் நின்று, "இதெல்லாம் தேவையா மகள்?" என்று கேட்டார். எனக்கு அப்போது கேட்கிற காது இல்லை. முந்நூறு கச்சான் பொட்டலத்தையும் பின்னறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

வான் வந்து நின்றது. தங்கச்சி முதலில் இறங்கி வந்தாள். வாசற்படியில் ஒரு கால் வைத்தவள் அப்படியே நின்றாள். யன்னல் சீலையைப் பார்த்தாள், கதிரையைப் பார்த்தாள், பிறிட்ஜைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் வெட்கம் என்று நினைத்தேன். சந்தோசத்தில் வருகிற வெட்கம்.

மிஸ் கொழும்புத் தமிழ்ப் பிள்ளை, என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். நல்ல மரியாதை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து கதிரையின் நுனியில் இருந்தார். குடிக்கத் தண்ணி கேட்டார். நான் குடத்தைச் சரிக்கப் போக, மாமி பிறிட்ஜைத் திறந்துவிட்டார். உள்ளே ஒன்றும் இல்லை. லைற்றும் எரியவில்லை.

"கரண்ட் மிச்சம் புடிக்கிறம் மிஸ்," என்றார் மாமா.

மிஸ் சிரித்தார். மாமாவும் சிரித்தார். தங்கச்சி சிரிக்கவில்லை.

பிறகு மிஸ் ஒரு படிவத்தை மடியில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டில் உழைக்கிறது யார்? நான். என்ன தொழில்? கச்சான் வறுத்துப் பொதி பண்ணிக் கடைகளுக்குக் குடுக்கிற. மாதம் எவ்வளவு வரும்?

பன்னிரண்டாயிரம் வந்தால் அது நல்ல மாதம்.

"நாப்பத்தஞ்சு வரும் மிஸ்," என்றேன்.

"மிஸ், அது வந்து..." என்று தங்கச்சி தொடங்கினாள்.

"சீசனுக்கு அதுக்கு மேலயும் வரும்," என்று நான் அவளை வெட்டினேன். பொம்புளை பார்க்கிற இடத்தில் சின்னவர்கள் வாய் திறக்கக்கூடாது.

"கடன் ஏதாவது இருக்குதா?"

"ஒரு சதம் இல்ல."

இதைச் சொன்னபோது என் குரல் எவ்வளவு நிமிர்ந்து நின்றது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும். உண்மையும் அதுதான், அன்றைக்கு எங்களுக்குக் கடன் இல்லை. அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் எழுதினார். தங்கச்சி தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வான் ஒழுங்கையால் திரும்பும்வரை பொறுத்திருந்துவிட்டு அவள் வெடித்தாள்.

"ஆருக்காக அக்கா இந்த நாடகம்? அவங்க உதவி குடுக்கிற ஆக்கள். இல்லாதவங்களுக்குத்தான் முழுசாக் குடுக்கிற. நாங்க எவ்வளவு இல்லாதவங்க எண்டு பாக்கத்தான் வந்தவங்க!"

"அத எனக்கு ஆரு சொன்ன?"

"நிலவரம் பாக்க வாறாங்க எண்டு சொன்னன்தானே!"

"நிலவரம் எண்டா எனக்கு இதுதான் தெரியும்."

'எங்கள் வறுமையைப் பார்க்க வருகிறார்கள்' என்று என் முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கு ஏலாமல் இருந்திருக்கிறது. என்னை நோகப் பண்ணக்கூடாது என்று பூசி மெழுகி ஒரு சொல் சொல்லியிருக்கிறாள். நான் அவளைத் தலைகுனியப் பண்ணக்கூடாது என்று வீட்டைப் பூசி மெழுகியிருக்கிறேன். மாமா பிறிட்ஜைத் தூக்கினார். அன்று பின்னேரமே எல்லாச் சாமானும் போய்விட்டது. முன்னறை முன்பு இருந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

மூன்று கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது. பாதி உதவி. மிச்சத்தைக் குடும்பம் கட்டலாம் என்று பார்த்து அறிந்துகொண்டார்களாம். நாலு லட்சத்து இருபதாயிரம். அடுத்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் அவளுக்கென்று வைத்த உதவி, வரிசையில் அடுத்த பிள்ளைக்குப் போகும். தங்கச்சி கடிதத்தை வாசித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தாள்.

"கடன் எடுத்து அனுப்புறதெண்டா நான் போகமாட்டன். இப்பவே சொல்லிற்றன்," என்றாள். அழவில்லை. போய்க் கச்சான் பொட்டலத்துக்கு நூல் கட்டத் தொடங்கினாள். அவள் ஒரு நாளும் அந்த வேலைக்கு வந்ததில்லை. வீட்டில் தங்கி என்னைப்போல ஆகப் போகிறாள் என்பதை அந்த நூல் கட்டுகிற கையில் நான் கண்டேன். அதைவிட எனக்குப் பயமான காட்சி ஒன்று இல்லை.

அடுத்த நாள், கடைக்குக் கச்சான் கொடுக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, ரவுனுக்குப் பஸ் ஏறினேன். தனியாக நான் ரவுனுக்குப் போனது அதுதான் முதல் தடவை. ஆரையம்பதி தாண்ட ஒரு தரம், கல்லடிப் பாலத்தில் ஒரு தரம், இறங்கித் திரும்பிப் போவமா என்று நினைத்தேன். என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். என் முன்னால் தலையாட்ட ஆள் இல்லை.

வகுப்பு நடக்கிற இடத்தில் மிஸ் என்னை அடையாளம் கண்டு எழும்பி வந்தார். நான் இருக்காமலே சொல்லி முடித்துவிட்டேன். கதிரை எங்களது இல்லை. பிறிட்ஜ் எங்களது இல்லை. நாற்பத்தைந்து பொய், பன்னிரண்டுதான் மெய்.

மிஸ் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்.

"அக்கா, எனக்கு அன்றைக்கே கொஞ்சம் விளங்கினது. ஆனா நீங்க சொன்னதைத்தானே நான் எழுதவேணும். அறிக்கை கொழும்புக்குப் போயிற்று. இப்ப இதை மாத்தச் சொல்லி எழுதினா, பொய்த் தகவல் குடுத்த குடும்பம் என்று வரும். அப்படி வந்தா உதவி முழுக்க நிப்பாட்டிருவாங்க. கல்லூரிக்கும் அறிவிப்பாங்க."

"தங்கச்சி பொய் சொல்லல்லயே மிஸ். நான்தானே சொன்ன."

"தாளில அப்படிப் பிரிச்சு எழுத இடமில்ல அக்கா."

ஆக, உண்மையைச் சொன்னால் அவள் போகமாட்டாள். பொய்யை அப்படியே விட்டால் காசு வேண்டும். காசு கடன் என்று தெரிந்தாலும் அவள் போகமாட்டாள். நான் மிஸ்ஸிடம் ஒன்றுதான் கேட்டேன். காசை நான் கொண்டுவந்து கட்டுகிறேன், மேலிடத்தில் சொல்லிச் சரிப்பண்ணியாயிற்று என்று தங்கச்சியிடம் நான் சொல்வேன், நீங்கள் மறுத்து ஒன்றும் சொல்லக்கூடாது. மிஸ் எழும்பி யன்னல் பக்கம் போய் நின்றார். பிறகு, "நானாச் சொல்லமாட்டன்," என்றார்.

கலியாணமான நாள் தொட்டு அம்மாவின் கழுத்தில் கிடந்த தாலிக்கொடி, அப்பா போன பிறகு பெட்டிக்குள் கிடந்தது. அதை அடகு வைத்ததில் தொண்ணூறாயிரம். பெண்கள் குழுக் கடன் எண்பதாயிரம், கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடன். மிச்சத்துக்கு நான் நாலு வாசல் ஏறி இறங்கினேன். மாமியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவராகவே ஒரு நாள் மத்தியானம் பின்பக்கத்தால் வந்து, சீலைத் துண்டில் சுற்றிய காசைக் குசினியில் வைத்தார். இரண்டரை லட்சம். தன் மகளுக்கு வீடு கட்டச் சேர்த்த காசு. அத்திவாரம் வெட்டியாயிற்று, கட்ட ஆளும் பேசியிருந்தார்கள்.

"இது வேணாம் மாமி. புள்ளட வீட்டுக் காசு."

"அவள் இப்பத்தான் எட்டாம் வகுப்பு. வீட்டுக்கு என்ன அவசரம்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கதிரையத் தந்தது நானுந்தானே புள்ள," என்றார்.

தங்கச்சியிடம் சொன்ன பொய்யை அவள் நம்பினாள். நம்ப விரும்பினாள் என்பதும் சரிதான். "மிஸ் நல்ல மிஸ் அக்கா," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். போகிற நாள் கொழும்பு பஸ்ஸில் ஏறும் முன்பு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்டைக்கு உன்ன ஏசினதுக்கு மனசில வெச்சிராத," என்றாள். "போய்ச் சேந்தோண்ண போன் பண்ணு," என்றேன். பஸ் கண்ணுக்கு மறையும்வரை அவள் யன்னலால் கையை எடுக்கவில்லை. நான் கொஞ்சநேரம் அதே இடத்தில் நின்றேன். பிறகு, நிற்பதற்குக் காரணம் ஒன்றும் இல்லை என்று பட்டது.

அதன் பிறகு அவள் குரல்தான். முதலில் கிழமைக்கு இரண்டு தரம். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். பனி முழங்கால் மட்டும் விழுந்திருக்கிறது என்பாள். சாப்பிட்டாயா என்பேன். அங்கே விடிகிறபோது எங்களுக்குப் பொழுது படும். நான் சொல்வதற்கு ஊரில் புதிதாக ஒன்றும் நடக்காது. இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். பிறகு அவளுக்கு யாரோ கதவு தட்டுவார்கள். சிரிப்புச் சத்தம் கேட்கும். "அக்கா, வெச்சிற்று வாறன்," என்பாள்.

நாலாம் வருசம் அம்மா போனார். பரீட்சை நேரம், வர ஏலவில்லை. மாமாவின் போனில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மாமா அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் என்னைக் கேட்டாள். நான் போனுக்கு முன்னால் வந்து நின்றேன்.

அவள் இப்போது அங்கேயே மேலே படிக்கிறாள். அம்மாவுக்கு மருந்து வாங்க அவ்வப்போது காசு அனுப்பினாள், அது மருந்துக்கே போனது. அம்மா போன பிறகு அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "உனக்கு என்ன வேணும் அக்கா, சொல்லு," என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். சொல்லலாம். சொன்னால் அவள் முதலில் கேட்பது காசைப் பற்றியாக இருக்காது, இத்தனை வருசமாக ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்பாள். அதற்குப் பதிலை நான் பழகி வைக்கவில்லை. "ஒண்டும் வேணாம், நீ குளிருக்குப் போத்திற்றுப் படு," என்பேன்.

தாலிக்கொடி ஏலத்தில் போய்விட்டது. குழுக் கடன் இரண்டு வருசம் கிழமை தவறாமல் கட்டி முடிந்தது. இருபத்தொரு வயதாகிவிட்ட மாமியின் மகளுக்குப் போன ஆவணியில் கலியாணம் பேசி வந்தார்கள். வீடு எங்கே என்று கேட்டார்களாம். வெட்டிய அத்திவாரத்தைக் காட்டினாராம் மாமி. அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள், இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மாமி இதை என்னிடம் சொல்லவில்லை. மாமாதான் வாய் தவறிச் சொன்னார். அன்றிலிருந்து கச்சானோடு கௌபிப் பயறும் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன்.

போன மாதம் ஐயாயிரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமி வாங்கி, எண்ணாமல், தலையணைக்குக் கீழே வைத்தார். எண்ணுகிறது என் வேலை. இன்னும் அறுபத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்ட இருக்கிறது.